கூட்டம் எங்கே நடக்கிறது?

குடிநோயாளிகள் தங்களுக்குள் கூடி, குடிக்காமல் இருக்க ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டங்கள் இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் நாள்தோறும் நடக்கின்றன. அவற்றுள் மிகப் பரவியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. சுமார் 180 நாடுகளில் அதற்குக் குழுக்கள் உண்டு. அதன் பன்னிரண்டு படிகளைப் பற்றியும் அதைத் தோற்றுவித்தவர்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. குறைவாகப் பேசப்படுவது, புதிதாக வரும் ஒருவர் கூட்டம் நடக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான். பெயரை வெளியே சொல்லாதவர்களின் அமைப்பு அது. முன்பின் தெரியாத ஒருவர், அதுவும் கை நடுங்கும் நிலையில், தேடி வந்து சேர வேண்டிய அமைப்பும் அதுவே. மறைந்தும் இருக்க வேண்டும், கண்ணிலும் பட வேண்டும். ஏ.ஏ.வின் நடைமுறைகளில் பலவும் இந்த இழுபறியில் உருவானவை.

ஏ.ஏ.வுக்கு முன் இதே வழியில் முயன்றவர்கள் மறைவைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், சேஸ் என்பவரின் மதுக்கடையில் வழக்கமாகக் கூடிக் குடிக்கும் ஆறு பேர் இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள். தையற்காரர், தச்சர், கொல்லர், வெள்ளி வேலை செய்பவர் என எல்லாரும் கைத்தொழிலாளிகள். ஜார்ஜ் வாஷிங்டன் பெயரில் சங்கம் அமைத்து, வாரந்தோறும் கூடி, தம் குடியின் கதையைத் தாமே சொன்னார்கள். முதல் கூட்டங்கள் நடந்தது அதே மதுக்கடையில்தான். நல்ல வாடிக்கையாளர்கள் இப்படி மாறிப்போவதை எந்தக் கடைக்காரர் குடும்பம் பொறுத்துக்கொள்ளும்? விரைவிலேயே வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. அதுவரை மதுவிலக்குப் பிரசாரம் என்பது பாதிரியார்களும் குடிக்காதவர்களும் மேடையேறி உபதேசிப்பதாக இருந்தது. குடித்துக் கெட்டவரே எழுந்து நின்று பேசியது புதுமை. ஓரிரு ஆண்டுகளில் இயக்கம் நாடு முழுவதும் பரவியது. 1842 பிப்ரவரி 22-ஆம் தேதி ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அதன் கூட்டத்தில் இளம் வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன் உரையாற்றினார்.

வாஷிங்டனியர் கூட்டத்தைத் தேட வேண்டிய அவசியமே எவருக்கும் இருக்கவில்லை. ஊர்வலம் போனார்கள், பெரிய மண்டபங்களில் பேசினார்கள், பேச்சாளர்கள் பெயரும் புகழும் பெற்றார்கள். அதுவே அவர்களுக்கு வினையாயிற்று. மேடையில் நின்று ஆயிரம் பேரை அழவைத்தவர் மறுபடி குடித்தால் அது ஊரறிந்த செய்தி. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை உள்ளே புகுந்தது. பழைய மதுவிலக்குச் சங்கங்கள் இயக்கத்தைத் தம் பக்கம் இழுத்தன. பத்தாண்டு முடிவதற்குள் அது ஏறத்தாழக் கரைந்துவிட்டது. நூறு ஆண்டுகள் கழித்து ஏ.ஏ. தன் விதிகளை வகுத்தபோது இந்த முடிவு ஓர் எச்சரிக்கையாக எடுத்துக் காட்டப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் கதை வேறு வாசலில் தொடங்குகிறது. லூத்தரன் பாதிரியார் ஃபிராங்க் புக்மன் நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறித்துவ இயக்கத்தினர் வீடுகளில் கூடி, தம் குற்றங்குறைகளை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, தம்மால் தீங்குற்றவர்களிடம் பரிகாரம் தேடினார்கள். குடிகாரர்களுக்கென்று ஏற்பட்ட இயக்கமல்ல அது, வசதியுள்ளவர்களே அதிகம். ஆனால் சில குடிநோயாளிகள் அதில் சேர்ந்து குடியை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான எபி தாச்சர் 1934 நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கிளின்டன் தெருவில் இருந்த பழைய நண்பர் பில் வில்சனைப் பார்க்கப் போனார். பங்குச் சந்தையில் ஒரு காலத்தில் நன்றாகச் சம்பாதித்த வில்சன் அப்போது சமையலறை மேசையில் ஜின்னும் அன்னாசிச் சாறுமாக உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தவர் அதன்பின் குடிக்கவில்லை. வெளியே வந்ததும் ஐந்து மாதம் கண்ணில் பட்ட குடிகாரர்களையெல்லாம் திருத்தக் கிளம்பினார். ஒருவரும் திருந்தவில்லை. மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் யோசனை ஒன்று சொன்னார்: உபதேசத்தைக் குறை, இது உடம்பையும் மனத்தையும் பிடிக்கும் நோய் என்பதை முதலில் எடுத்துச் சொல்.

1935 மே மாதம் ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் வாக்குப் போட்டிக்காக வில்சன் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போனார். டயர் ஆலைகளால் வாழ்ந்த ஊர் அது. போட்டியில் அவர் தரப்பு தோற்றது. கூட வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். மே 11, சனிக்கிழமை. மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் கையில் பத்து டாலரோடு அவர் தனியே நின்றார். கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம். வார இறுதிச் சிரிப்பொலி கேட்டுக்கொண்டிருந்தது. மறுபக்கம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல் பலகையும். குடிக்கப் போய்விடுவோம் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. நியூயார்க்கில் அவர் திருத்தப் பார்த்தவர்கள் திருந்தாவிட்டாலும், அந்த ஐந்து மாதமும் தான் குடிக்காமல் இருந்ததற்கு அந்த அலைச்சலே காரணம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு குடிகாரர்.

பட்டியலில் கைபோன போக்கில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துத் தொலைபேசியில் அழைத்தார். வால்டர் டங்ஸ் என்ற பாதிரியார் எடுத்தார். தான் நியூயார்க்கிலிருந்து வந்திருக்கும் குடிநோயாளி என்றும், இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்றும் வில்சன் சொன்னார். ஒரு சனிக்கிழமை மாலை இப்படியொரு அழைப்பு வந்தால் எந்தப் பாதிரியாரும் குடிபோதை அழைப்பு என்று வைத்துவிடக்கூடும். டங்ஸ் வைக்கவில்லை, பத்துப் பேர் கொண்ட பட்டியலைக் கொடுத்தார். வரிசையாக அழைத்ததில் சிலர் ஊரில் இல்லை, சிலருக்கு நேரமில்லை. கடைசியில் அந்தச் சங்கிலி ஹென்ரியெட்டா சைபர்லிங்கிடம் போய் நின்றது. குட்இயர் டயர் நிறுவனத்தைத் தொடங்கியவரின் மருமகள் அவர். மாமனாரின் ஸ்டான் ஹைவட் மாளிகையின் வாயில் வீட்டில் குடியிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பைச் சேர்ந்தவர். தன் குழுவில் ஒருவர், அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித், குடியை விட முடியாமல் தவிப்பது அவருக்குத் தெரியும்; குழுவினர் அவருக்காகப் பிரார்த்தித்துக்கொண்டும் இருந்தார்கள். வில்சனின் அழைப்பை அவர் பிரார்த்தனைக்கு வந்த பதிலாகவே எடுத்துக்கொண்டார்.

ஸ்மித்தை அன்றைக்கே அழைத்து வரும்படி அவர் மனைவியிடம் ஹென்ரியெட்டா சொன்னார். முடியவில்லை. மறுநாள் அன்னையர் தினம் என்பதால் டாக்டர் ஸ்மித் மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்திருந்தார். தொட்டி மேசைமேல் இருந்தது, மருத்துவர் மாடியில் நினைவிழந்து கிடந்தார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, பதினைந்து நிமிடத்துக்குமேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்தார். பேச்சு இரவு பதினொரு மணி தாண்டிப் போயிற்று. குடியைப் பற்றி மருத்துவருக்குத் தெரியாத எதையும் வில்சன் சொல்லிவிடவில்லை. ஆனால் உன்னைக் காப்பாற்ற வந்தேன் என்று சொல்லாமல், என்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்தேன் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அடுத்த மாதம் அட்லான்டிக் சிட்டியில் மருத்துவ மாநாட்டுக்குப் போன ஸ்மித் மறுபடி குடித்துவிட்டுத் திரும்பினார். அதன்பின் 1935 ஜூன் 10-ஆம் தேதி குடித்ததே கடைசி. அந்த நாளையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

இருவரும் மூன்றாமவரைத் தேடி நேரே ஆக்ரன் சிட்டி மருத்துவமனைக்குப் போனார்கள். செவிலியர்களை அடித்துவிட்டுக் கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்த வழக்கறிஞர் ஒருவர் கிடைத்தார். குணமாகி வெளியேறியவர் கடைசிவரை குடிக்கவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகள் ஆக்ரனில் புதியவர் சேர்ந்த வழி இதுதான். அவர் கூட்டத்தைத் தேடி வருவதில்லை. கூட்டம் அவரைத் தேடிப் போகும். மனைவியோ மருத்துவரோ சொல்லியனுப்புவார்கள். நோயாளியைச் சில நாள் மருத்துவமனையில் படுக்கவைத்து, பழையவர்கள் ஒவ்வொருவராக வந்து தம் கதையைச் சொல்வார்கள். உண்மையிலேயே குடியை விட விருப்பம் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்தபின், முழங்காலிட்டுப் பிரார்த்திக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகே புதன்கிழமைக் கூட்டம். அது டி. ஹென்றி வில்லியம்ஸ், கிளாரஸ் தம்பதியின் வீட்டுக் கூடத்தில் நடந்தது. வில்லியம்ஸ் குடிகாரரே அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பில் இருந்த நல்ல மனிதர், அவ்வளவுதான். தெருவில் போகிறவர் கதவைத் தட்டி உள்ளே வரும் ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை.

அந்தக் கதவைத் திறந்தது கிளீவ்லாந்து. ஆக்ரனுக்கு முப்பது மைலுக்குமேல் வடக்கே உள்ள அந்த நகரிலிருந்து வாரந்தோறும் கார்களில் ஒரு கூட்டம் வந்துபோய்க்கொண்டிருந்தது. அவர்களில் பலர் கத்தோலிக்கர். வேற்றுச் சபையின் இயக்கத்தில் எல்லார் முன்னும் பாவ அறிக்கை செய்வது கத்தோலிக்கருக்கு ஒவ்வாதது. அவர்களுடைய குருமார் ஆட்சேபித்தார்கள். கிளீவ்லாந்துக்காரர்களுக்குத் தலைமை தாங்கிய கிளாரன்ஸ் ஸ்னைடர் 1939 மே மாதம் தனிக் கூட்டம் தொடங்கினார். இந்தக் குடிநோயாளிகள் மாதம் ஒன்றுக்குமுன் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பையே கூட்டத்துக்குப் பெயராக வைத்தார்: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பிரிவு சுமுகமாக நடந்துவிடவில்லை. ஆக்ரன்காரர்கள் சிலர் கிளீவ்லாந்துக்கே போய்ச் சண்டை பிடித்தார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் ஆக்ரன் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பிலிருந்து விலகி, 1940 ஜனவரியில் கிங் பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறியது. குடிநோயாளிகளுக்கு மட்டுமான, எந்த மதமும் கேட்காத கூட்டம் என்ற வடிவத்துக்கு இந்தச் சில்லறைச் சண்டையே வழிசெய்தது.

1939 அக்டோபரில் 'கிளீவ்லாந்து பிளெய்ன் டீலர்' நாளிதழில் எல்ரிக் டேவிஸ் இந்தக் குழுவைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அதுவரை இருபது பேர் அளவில் இருந்த குழுவின் மீது நூற்றுக்கணக்கான வேண்டுகோள்கள் வந்து விழுந்தன. ஒவ்வொருவரையும் மருத்துவமனையில் படுக்கவைத்துப் பத்துப் பேர் போய்ப் பேசும் ஆக்ரன் முறை இதற்குத் தாங்காது. சேர்ந்து சில வாரமே ஆனவரைப் புதியவரிடம் அனுப்பினார்கள். அந்தப் புதியவர் இரண்டு வாரத்தில் இன்னொருவரைப் பார்க்கப் போனார். இன்று ஸ்பான்சர் என்று வழங்கும் ஏற்பாடு, ஒரு பழையவர் ஒரு புதியவரைப் பொறுப்பேற்றுக் கூட்டத்துக்கு அழைத்துப் போவது, இந்த நெருக்கடியில்தான் முறைப்பட்டது. ஓராண்டில் கிளீவ்லாந்தில் சில நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். மெதுவாக, கைக்குக் கை மாற்றித்தான் இதைக் கொடுக்க முடியும் என்று எல்லாரும் நம்பியிருந்தது பொய்யாயிற்று.

நகரம் இல்லாத இடத்தில் இருந்தவருக்குப் புத்தகமே கூட்டம். 1939 ஏப்ரலில் வெளியான அதன் விலை மூன்றரை டாலர். கொடுத்த காசுக்குப் பெறுமதியாகத் தெரியட்டும் என்று கனத்த தாளில் அச்சிட்டார்கள். அதனால்தான் பிற்காலத்தில் அளவு சுருங்கிய பிறகும் 'பிக் புக்' என்றே பெயர் நிலைத்தது. நியூயார்க்கில் ஓர் அஞ்சல் பெட்டி எண்ணை வாங்கினார்கள். அலுவலகத்தில் ரூத் ஹாக் என்ற ஒரே செயலர், வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் தட்டச்சு செய்தார். கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர், புத்தகத்தின் அச்சுக்கு முந்தைய படியைப் படித்தே தனியாகக் குடியை நிறுத்திவிட்டதாக எழுதினார். மகிழ்ந்துபோய் அவர் கதையையும் புத்தகத்தில் சேர்த்து, பணம் திரட்டி அவரை நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். பேருந்திலிருந்து அவர் குடிபோதையில் இறங்கினார். அடுத்த அச்சில் அந்தக் கதை இல்லை.

1941 மார்ச் 1-ஆம் தேதி 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' வார இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. மோசடிகளை அம்பலப்படுத்துவதில் பேர்பெற்ற செய்தியாளர் அவர். இந்த ஆட்களும் வேஷதாரிகளோ என்ற சந்தேகத்தோடுதான் பல ஊர்க் கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்தார்; நம்பிக்கையோடு திரும்பினார். படமில்லாமல் கட்டுரை இல்லை என்று இதழ் சொன்னதால், முகம் அடையாளம் தெரியாதபடி எடுத்த படங்களுக்கு வில்சன் ஒத்துக்கொண்டார். ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை ஆண்டு முடிவில் 8,000 ஆயிற்று. அஞ்சல் பெட்டியில் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பெரும்பாலானவை குடிகாரர்களின் மனைவிமாரும் தாய்மாரும் எழுதியவை. அவற்றை ஊர்வாரியாகப் பிரித்தார்கள். குழு இருந்த ஊருக்குக் கடிதம் அங்கே போயிற்று. குழு இல்லாத ஊர்களின் பெயர்ப் பட்டியலை, உறுப்பினர்களாக இருந்த ஊர்சுற்றும் விற்பனையாளர்களிடம் கொடுத்தார்கள். சரக்கு விற்கப் போன ஊரில் அந்த வீட்டுக் கதவையும் தட்டிப் பார்ப்பது அவர்களுடைய கூடுதல் வேலையாயிற்று. அமெரிக்காவின் சிற்றூர்கள் பலவற்றில் முதல் கூட்டத்துக்கு விதை போட்டவர்கள் இவர்கள். அமைப்பின் வரலாற்றில் இவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

பிறகு வந்தது தொலைபேசி. 1941-இல் சிகாகோ தொடங்கி, பெரிய நகரங்களில் குழுக்கள் சேர்ந்து மைய அலுவலகம் வைத்தன. தொலைபேசிப் புத்தகத்தில் ஏ எழுத்தின் கீழ், அகரவரிசையில் வெகு முன்னால், அமைப்பின் பெயரும் எண்ணும் அச்சாயின. இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுக்க முறைவைத்து ஒருவர் இருப்பார். அழைத்தவர் வீட்டுக்கு இரண்டு பேர் நேரில் போவார்கள். தனியே போனால் போனவரும் சேர்ந்து குடித்துவிடும் அபாயம் உண்டு என்பது அனுபவத்தில் கற்ற பாடம். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் கூட்டம் என்ற சிறிய அச்சுப் பட்டியல் சட்டைப் பையில் வைக்கும் அளவில் வந்தது. நாட்டளவிலான குழுக்களின் விவரத் தொகுப்போ உறுப்பினர்களுக்கு மட்டுமே கிடைத்தது.

கூடும் இடம் பெரும்பாலும் தேவாலயத்தின் கீழ்த்தளம். இதற்குப் பக்தியைவிடப் பணமே காரணம். மடக்கு நாற்காலிகளும் சமையலறையும் உள்ள, வார நாள் மாலையில் காலியாகக் கிடக்கும், குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் கூடம் அமெரிக்க ஊர்களில் தேவாலயத்திடம்தான் இருந்தது. வாடகையும் காப்பிச் செலவும் உறுப்பினர்கள் போடும் காசிலிருந்தே வர வேண்டும். கூட்டத்தின் நடுவே ஒரு கூடையோ தொப்பியோ கைமாறும். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை என்ற விதியின் வேர் 1940-இல் இருக்கிறது. அந்த ஆண்டு இளைய ஜான் ராக்ஃபெல்லர் இவர்களுக்காகச் செல்வந்தர்களைக் கூட்டி விருந்து வைத்தார். கோடிகள் வரும் என்று வில்சன் காத்திருந்தார். விருந்தில் ராக்ஃபெல்லரின் மகன் எழுந்து, இது பணம் தேவைப்படாத நற்பணி என்று பேசி முடித்தார். அன்றைக்கு ஏமாற்றம், பின்னாளில் அதுவே கொள்கை.

புகழ் வந்தபின், மறைந்திருப்பதற்கும் கண்ணில் படுவதற்கும் இடையிலான அந்த இழுபறி முற்றியது. தொடக்கத்தில் பெயரை மறைத்ததற்குக் காரணம் எளியது: குடிகாரர் என்று தெரிந்தால் வேலை போய்விடும். வெளியுலகத்திடமிருந்து வரும் கடிதங்களைச் சமாளிக்க ஆள் போதாது என்ற பயமும் இருந்தது. பிறகு, பிரபலங்கள் தம் பெயரைப் பத்திரிகைகளில் அறிவிக்கத் தொடங்கினார்கள். புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் ரோலி ஹெம்ஸ்லி 1940-இல் தான் ஏ.ஏ.வில் இருப்பதாகச் சொன்னது நாடெங்கும் செய்தியாயிற்று. வில்சனும் பொறாமையில் கொஞ்ச காலம் தன் பெயரையும் படத்தையும் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். குழுக்களோ தங்கள் தங்கள் ஊரில் சேர்க்கை விதிகள் போட்டுக்கொண்டிருந்தன. எல்லா ஊர் விதிகளையும் திரட்டிப் பார்த்தபோது, அவற்றை ஒருசேரக் கடைப்பிடித்தால் ஒருவரும் சேர முடியாது என்று தெரிந்தது. 1946-இல் அமைப்பின் 'கிரேப்வைன்' இதழில் வெளியாகி, 1950 ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகள் இதற்கெல்லாம் பதில். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகத் தகுதி. பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர் பெயர் வெளிவரக் கூடாது. ஆனால் அமைப்பின் பெயரும் முகவரியும் தாராளமாக வரலாம். வாஷிங்டனியர் செய்ததற்கு நேர் எதிர் இது. அந்த மாநாட்டுக்குச் சில மாதத்தில், நவம்பர் 16 அன்று, டாக்டர் ஸ்மித் இறந்தார்.

1955-இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் வட்டத்துக்குள் முக்கோணம் அமைப்பின் சின்னமாயிற்று. தேவாலயத்தின் பின்வாசலில் அந்தச் சின்னம் வரைந்த அட்டையும் ஓர் அம்புக்குறியும் போதும், தெரிந்தவருக்குப் புரியும், தெரியாதவர் கடந்து போவார். 1993-இல் அமைப்பு அதை அதிகாரபூர்வமாகக் கைவிட்டாலும் கதவுகளிலிருந்து அது போய்விடவில்லை.

கதவைத் தாண்டி உள்ளே போனவர் காண்பது இந்த அறுபது எழுபது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை. முதலாவதற்கு யாரும் போகலாம், உறவினர், மாணவர், மருத்துவர் உட்பட. இரண்டாவது குடிநோயாளிகளுக்கு மட்டும். தலைமை தாங்குபவர் 1947-இல் எழுதப்பட்ட முன்னுரையைப் படித்துத் தொடங்குவார். புதியவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பார். கையைத் தூக்குவதும் தூக்காததும் வந்தவர் விருப்பம். பேசுகிறவர் தன் முதற்பெயரை மட்டும் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்ல, மற்றவர்கள் பெயர் சொல்லி வணக்கம் கூறுவார்கள். பிறகு தான் எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்ற மூன்று கட்டத்தில் கதை. பேச்சுக்கு நடுவே குறுக்கிடுவதோ, முடிந்ததும் புத்தி சொல்வதோ பொதுவாக இல்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்மையில் புதியவருக்குப் பயன்படுவது அதற்குப் பிந்தைய கால்மணி நேரம். காப்பிப் பாத்திரத்தருகே யாராவது வந்து தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுப்பார்.

கூட்டம் எட்டாத இடங்களுக்கும் வழி செய்தார்கள். கப்பல் மாலுமிகளும் தனித்தீவுகளில் இருந்தவர்களும் 1940-களிலிருந்து கடிதம் மூலமே கூடினார்கள். கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் 1942-இல் சிறைத் தலைமை அதிகாரி கிளின்டன் டஃபி கூட்டத்தை அனுமதித்தார். வாசலில் ஆண்களே நின்ற காலத்தில் உள்ளே வந்த மார்ட்டி மேன் போன்ற பெண்கள் மற்றப் பெண்களுக்கு வழிகாட்டினார்கள். இனப் பாகுபாடு சட்டமாக இருந்த வாஷிங்டன் நகரில் கறுப்பினத்தவர் 1945-இல் தமக்கெனக் குழு அமைத்தார்கள். சமையலறையில் காத்திருந்த மனைவிமாரின் கூட்டங்கள் 1951-இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் முயற்சியால் அல்-அனான் என்ற தனி அமைப்பாயின.

1970-க்குப் பிறகு கூட்டத்துக்கு ஆள் வந்த வழி வெகுவாக மாறிற்று. குடியிலிருந்து மீண்டவரான செனட்டர் ஹரால்டு ஹியூஸ் முயற்சியால் அந்த ஆண்டு நிறைவேறிய சட்டம் சிகிச்சை நிலையங்களுக்கு அரசுப் பணம் கிடைக்கச் செய்தது. நிலையங்கள் நோயாளிகளை வண்டியில் ஏற்றிக் கூட்டங்களுக்கு அழைத்து வந்தன. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களை நீதிமன்றங்களும் அனுப்பின. கூட்டம் முடிந்ததும் ஒரு சீட்டில் செயலரின் கையெழுத்து வாங்கிப் போக வேண்டும். குடியை நிறுத்தும் விருப்பத்தையே ஒரே தகுதியாக வைத்த அமைப்பின் பின்வரிசைகளில், விருப்பமில்லாதவர்கள் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பிரார்த்தனையும் கடவுள் பேச்சும் உள்ள கூட்டத்துக்கு அரசு ஒருவரைக் கட்டாயப்படுத்தி அனுப்புவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 1996-இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் தீர்ப்பளித்தன. கடவுள் பேச்சில்லாத மாற்றுக் கூட்டங்களும் இதற்குள் தோன்றியிருந்தன: பெண்களுக்காக 1975-இல் ஜீன் கர்க்பாட்ரிக் தொடங்கியது ஒன்று, 1994-இல் ஸ்மார்ட் ரிகவரி என்ற பெயரில் அமைந்தது இன்னொன்று.

பெயரை மறைப்பது இன்றியமையாதது அல்ல என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1958-இல் கோச்சி நகரில் மட்சுமுரா ஹருஷிகே தொடங்கிய தன்ஷுகாய் சங்கம் ஏ.ஏ.வைப் பார்த்து உருவானதுதான். ஆனால் அங்கே முழுப் பெயரோடு பதிவு செய்து, மனைவியோடு வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். கணவர் சொன்ன கதைக்கு மனைவி சொல்லும் மறுபாதியும் அதே கூட்டத்தில் கேட்கும்.

இந்தியாவில் ஏ.ஏ. 1957-இல் தொடங்கியது; பம்பாயில் அந்த ஆண்டு மே மாதம் வேரூன்றியது. நெடுங்காலம் அது ஆங்கிலம் பேசும் நகரத்தார் வட்டத்துக்குள் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1948 முதல் முழு மதுவிலக்கு. குடிப்பதே குற்றமாக இருந்த ஊரில் குடிப்பவர் என்று சொல்லிக்கொண்டு ஓரிடத்தில் கூடுவது எளிதல்ல. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்து, மீண்டும் வந்து, மறுபடி விலகி, 1983-இல் டாஸ்மாக் உருவான காலத்தில் குடிநோய் மருத்துவமும் இங்கே காலூன்றியது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, சிகிச்சைக்குப்பின் நோயாளிகளை ஏ.ஏ. கூட்டங்களுக்கும் குடும்பத்தாரை அல்-அனானுக்கும் வழிப்படுத்தியது; 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மருத்துவமனைக்கு வர வசதியில்லாதவர்களுக்காகத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே அது முகாம் நடத்தியது. ஊரில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும் என்ற நிலையில் பெயரை மறைப்பதற்கு அங்கே அதிக வேலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், ஊர்ப் பெரியவர், முதலில் குணமானவர் ஆகியோரின் வாய்வார்த்தைதான் அடுத்த ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது.

இந்தக் கூட்டங்களால் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் ஒருமித்த பதில் தரவில்லை. யார் வந்தார்கள், யார் நின்றார்கள் என்று பதிவேடு இல்லாத அமைப்பை அளப்பது கடினம். 2020-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கியவற்றை, பரிசீலித்தது. முழுமையாகக் குடியை நிறுத்தியிருப்பதில், ஏ.ஏ.வுக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாகவே பலன் தந்தது என்று அது கண்டது. ஆய்வு அளந்தது வெறுமனே கூட்டத்தின் முகவரியைச் சொல்லி அனுப்புவதை அல்ல; கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சேர்ப்பதை.

கணினி வலைகளில் கூட்டங்கள் 1980-களிலேயே தொடங்கிவிட்டன. பிறகு சட்டைப்பைப் பட்டியல் இணையத்துக்குப் போயிற்று. கைப்பேசிச் செயலி, அருகில் அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு என்று காட்டியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் தேவாலயக் கூடங்கள் மூடப்பட்டபோது, சில நாள்களுக்குள் ஆயிரக்கணக்கான குழுக்கள் ஜூம் திரைக்கு மாறின. புதியவர் வரட்டும் என்று இணைப்பை எல்லாருக்கும் தெரியும்படி வெளியிட்டார்கள். விஷமிகள் உள்ளே புகுந்து மதுப் புட்டியைத் திரையில் காட்டிக் கூச்சலிட்டார்கள். கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் வந்தன. அவற்றைத் தாண்டத் தெரியாத புதியவர்கள் சிலர் வெளியிலேயே நின்றுவிடும் நிலையும் கூடவே வந்தது. கூடங்கள் மறுபடி திறந்தபின் பல குழுக்கள் நேரிலும் திரையிலும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. திரையில் மட்டுமே கூடும் குழுக்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி எழ, 2021-இல் ஏ.ஏ.வின் அமெரிக்க-கனடா பொதுப்பணி மாநாடு அவற்றையும் குழுக்களாக ஏற்று, எந்த வட்டாரத்தில் சேருவது என்பதை அந்தந்தக் குழுவின் விருப்பத்துக்கே விட்டது.